ஜார்ஜ் டவுன்: கல்லில் கொஞ்சம், தட்டில் மிச்சம்

1/
சென்னைக்கு விருந்தாளி வந்தால் மெரினா, கபாலீஸ்வரர் கோயில், மகாபலிபுரம். சாப்பாட்டுக்கு ஒரு மெஸ், இல்லைன்னா பிரியாணி. "இதைத் தாண்டி வேற எங்கே டாக்டர் கூட்டிட்டுப் போறது?"ன்னு நிறைய பேர் கேக்குறீங்க. என் பதில் எப்பவும் ஒண்ணுதான். சென்ட்ரலுக்கும் பீச் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருக்கும் ஜார்ஜ் டவுன். கொஞ்சம் நீளமான த்ரெட். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

2/
மருத்துவக் கல்லூரியில் நோயாளியைத் தொடுவதற்கு முன்னால் எங்களுக்குச் சொல்லித் தருவது ஹிஸ்டரி எடுப்பது. பெயர், வயது, தொழில், சொந்த ஊர், இங்கே எப்போ வந்தீங்க. முக்கியமான துப்பு பல நேரம் அந்தப் பேச்சிலேயே கிடைத்துவிடும். அதே கேள்விகளை ஜார்ஜ் டவுனிடம் கேட்டுப் பாருங்கள். "சொந்த ஊர் எது?" என்பதற்கு ஒவ்வொரு தெருவும் வேறு வேறு பதில் சொல்லும்.

3/
நாம் கிளம்பும் இடமான ஜி.ஹெச்.சிலிருந்தே தொடங்கலாம். அதுவும் இடம் மாறி வந்ததுதான். 1664-ல் புனித ஜார்ஜ் கோட்டைக்குள், கம்பெனிச் சிப்பாய்களுக்காக ஒரு சின்ன மருத்துவமனையாகத் தொடங்கியது. இப்போதைய இடத்துக்கு வந்தது 1772-ல். மருத்துவமனை மட்டுமல்ல, ஜார்ஜ் டவுன் என்ற ஊரே பெயர்த்து நடப்பட்டதுதான்.

4/
கோட்டைக்கு வடக்கே, இப்போது ஹைகோர்ட் இருக்கும் பக்கத்தில், இந்தியர்கள் வாழ்ந்த ஊர் இருந்தது. வெள்ளையர் அதற்கு வைத்த பெயர் கறுப்பர் நகரம். 1746-ல் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள். 1749-ல் திரும்பக் கிடைத்தது. கோட்டையை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி ஒளிந்துகொள்ள வசதி. அதனால் பிரெஞ்சுக்காரர்கள் கொஞ்சம், ஆங்கிலேயர்கள் மிச்சம் என மொத்த ஊரையும் இடித்துத் தரைமட்டமாக்கிவிட்டார்கள்.

5/
அங்கே இருந்த சனங்கள் வடக்கே முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். அதுதான் புதுக் கறுப்பர் நகரம். ஜார்ஜ் டவுன் என்ற பெயர் 1906-ல்தான் வந்தது, அன்றைய இளவரசர் ஜார்ஜின் வருகையையொட்டி. நடுவில் காலியாக விட்ட மைதானத்துக்குள் யாரும் வீடு கட்டக் கூடாது என்று 1773-ல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். அதில் ஒன்று பாரிமுனை டேர் ஹவுஸ் வளாகத்தில் இன்னும் நிற்கிறது. பஸ்ஸுக்கு ஓடும் ஆயிரக்கணக்கான பேரில் அதைத் திரும்பிப் பார்ப்பவர்கள் ரொம்பக் குறைவு.

6/
மனிதர்களோடு சாமியும் இடம் மாறியது. பழைய ஊரில் இருந்த சென்னகேசவப் பெருமாள் கோயிலும் இடிபட்டது. அதற்கு ஈடாகப் பூக்கடைக்குப் பக்கத்தில், தேவராஜ முதலி தெருவில், சென்னகேசவரும் சென்னமல்லீசுவரரும் அருகருகே குடியேறினார்கள். முன்னின்று கட்டியவர் மணலி முத்துகிருஷ்ண முதலியார். பட்டணம் கோயில் என்பது அதன் பழைய பெயர். பூ வாங்கப் போகும்போது எட்டிப் பாருங்கள். கோட்டைப் பீரங்கிக்கு வழிவிட்டு வந்த கோயில் அது.

7/
அடுத்து அரண்மனைக்காரத் தெரு. அரண்மனையைத் தேடாதீங்க, அங்கே எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. ஆர்மீனியன் என்ற சொல் நம்ம ஊர் வாயில் விழுந்து "அரண்மனைக்காரன்" ஆகிவிட்டது. தெருவுக்குள் நுழைந்தால் ஒரு பழைய மரக்கதவு. உள்ளே போனால் பாரிமுனை இரைச்சல் சட்டென்று அடங்கிவிடும். அதுதான் ஆர்மீனியத் தேவாலயம். 1712-ல் வேறோர் இடத்தில் தொடங்கி, 1772-ல் இங்கே கட்டப்பட்டது.

8/
இவர்கள் ஹிஸ்டரியையும் எடுப்போம். அராஸ் நதிக்கரையில் ஜுல்பா என்ற ஊர். 1604-05 வாக்கில் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ் ஊரையே காலி செய்து இஸ்பஹானுக்குக் கொண்டுபோனார். அங்கே புது ஜுல்பா உருவானது. அங்கிருந்து வணிகர்கள் இந்தியா முழுக்கப் பரவினார்கள், அதில் ஒரு கூட்டம் சென்னைக்கு. வேரோடு பிடுங்கப்பட்டவர்கள், வேரோடு பிடுங்கப்பட்ட இன்னொரு ஊரில் வந்து கடை போட்டார்கள்.

9/
அப்படி வந்தவர்களில் ஒருவர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். 1726-ல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் முதல் பாலத்தைக் கட்டியது அவர் பணம். பரங்கிமலைக்கு ஏறும் படிக்கட்டும் அவர் உபயம். 1751-ல் இறந்தபோது உடல் சென்னையில் அடக்கம் செய்யப்பட்டது. இதயத்தை மட்டும் எடுத்து, அவர் விருப்பப்படி ஜுல்பாவுக்கு அனுப்பினார்கள். சொந்த ஊர் என்பது உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது என்று யாராவது கேட்டால் நான் சொல்லும் கேஸ் இதுதான்.

10/
அதே வளாகத்தில் பாதிரியார் ஹருத்யூன் ஷ்மாவோனியனின் கல்லறையும் இருக்கிறது. 1794-ல் 'அஸ்தரார்' என்ற இதழைத் தொடங்கியவர். உலகத்தில் ஆர்மீனிய மொழியில் வந்த முதல் இதழ் அது. அச்சானது ஆர்மீனியாவில் இல்லை, இஸ்பஹானில் இல்லை, நம்ம சென்னையில். இன்று இந்த ஊரில் ஆர்மீனியர்கள் ஏறக்குறைய யாருமே இல்லை. ஆனால் பெயர் பொறித்த கற்கள் தரையெங்கும் இருக்கின்றன. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் தேவைப்படும்.

11/
கொஞ்சம் தள்ளிப் பவழக்காரத் தெரு. மத்தியதரைக் கடல் பவழத்தை இறக்கி, பதிலுக்குக் கோல்கொண்டா வைரத்தை லண்டனுக்கு ஏற்றிய யூத வணிகர்களால் வந்த பெயர். அவர்களும் போய்விட்டார்கள். பின்னால் அதே தெருவில் நாட்டுக்கோட்டை நகரத்தார்களின் விடுதியும் கிடங்குகளும் வந்தன. பர்மாவுக்குக் கப்பல் ஏறப் போன செட்டியார்கள் வந்து தங்கியது இந்தப் பக்கம்தான். பர்மாவுக்கு அப்புறம் வருவோம்.

12/
அதற்கு முன் ஏழுகிணறு. 1770-களில் கேப்டன் பேக்கர் கோட்டைக்குத் தண்ணீர் கொண்டுபோகத் தோண்டிய கிணறுகளால் வந்த பெயர். அங்கே வீராசாமி பிள்ளை தெருவில் ஒரு வீடு. தந்தையை இழந்து, குடும்பத்தோடு மருதூரிலிருந்து சென்னை வந்து, வாலிப வயதுவரை வள்ளலார் வாழ்ந்த வீடு. 1867-ல் வடலூரில் பசித்தவர்களுக்காக அவர் மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை என்பது எல்லாருக்கும் தெரியும். அவர் வளர்ந்தது இந்த நெரிசலான சந்தில் என்பது பலருக்குத் தெரியாது.

13/
பசி என்று சொன்னதும் பசிக்குதா? பக்கத்திலேயே தங்கசாலைத் தெரு, சௌகார்பேட்டை. வட்டிக்கும் வியாபாரத்துக்கும் வந்த குஜராத்தி, மார்வாடிக் குடும்பங்களின் ஊர். காலையில் ஜிலேபி, சாயங்காலம் ஆலு டிக்கி, பாதாம் பால். இதெல்லாம் ஓரளவு பிரபலம். நீங்கள் தேட வேண்டியது முறுக்கு சாண்ட்விச். ரொட்டிக்குப் பதில் இரண்டு முறுக்கு, நடுவில் வெள்ளரி, தக்காளி, பச்சைச் சட்னி. மார்வாடி வீட்டுச் சட்னியும் தமிழ் வீட்டு முறுக்கும் சம்பந்தி ஆன இடம்.

14/
இப்போது நான் உண்மையில் சொல்ல வந்த இடம். சாயங்காலம் 5 மணிக்கு மேல் பீச் ஸ்டேஷனுக்கு எதிரில் பர்மா பஜார். அதன் பின்னால் செகண்ட் லைன் பீச். தள்ளுவண்டிகள், பெஞ்சுகள், ஒரு பாத்திரத்தில் மலை மாதிரி ஆரஞ்சு நிற நூடுல்ஸ். இதுதான் அத்தோ.

15/
போடுவதைப் பார்ப்பதே பாதி சாப்பாடு. நூடுல்ஸ், பொடிசாக அரிந்த முட்டைகோஸ், வெங்காயம், வறுத்த பூண்டு, அந்தப் பூண்டு எண்ணெய், புளித்தண்ணி, வறுத்த கடலை மாவு, மிளகாய்த் தூள், எலுமிச்சை. மேலே மொறுமொறுவென்று பேஜோவை நொறுக்கிப் போட்டு, எல்லாவற்றையும் கையாலேயே பிசைந்து தருவார்கள். கூடவே ஒரு கிண்ணம் வாழைத்தண்டு சூப். அவித்த முட்டையைக் கீறி, வறுத்த வெங்காயத்தை அடைத்து ஒரு முட்டை மசாலா. வாயில் போட்டால் புளிப்பு, காரம், மொறுமொறுப்பு எல்லாம் ஒரே நேரத்தில்.

16/
பர்மிய மொழியில் 'அதோ(க்)' என்றால் பிசைந்து கலந்தது என்று பொருள். பருப்பை 'பே' என்பார்கள், பொரித்ததை 'ஜோ'. ஆக பேஜோ என்பது பருப்பு வடை மாதிரிதான். சரி, ரங்கூன் தெருவோரச் சாப்பாடு பாரிமுனைக்கு எப்படி வந்தது? இங்கேதான் ஹிஸ்டரி கனமாகிறது.

17/
1869-ல் சூயஸ் கால்வாய் திறந்த பிறகு கீழ் பர்மாவின் நெல்லுக்கு உலகச் சந்தையில் கிராக்கி. காட்டைத் திருத்த, அறுவடை செய்ய, ஆலையில் வேலை பார்க்க, துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் வேண்டும். வங்கம், ஆந்திரா, தமிழ்நாடு என்று கப்பல் கப்பலாகப் போனார்கள். கடன் கொடுக்கச் செட்டியார்கள் போனார்கள். 1937 வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம், பாஸ்போர்ட் எதுவும் வேண்டாம். 1931 கணக்கெடுப்பில் ரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேல் இந்தியர்கள்.

18/
அந்தக் கணக்குக்குள் கசப்பும் இருந்தது. 1930-களின் மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்குப் போனது. கீழ் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறக்குறைய கால் பங்கு. நிலம் இழந்தவனின் கோபத்தை நாம் விட்டுவிட்டு இந்தக் கதையைச் சொல்ல முடியாது. அந்தக் கோபம் கடைசியில் விழுந்தது பெரும்பாலும் நிலம் வைத்திருந்தவர்கள் மேல் இல்லை, மூட்டை தூக்கியவர்கள் மேல்.

19/
1941 டிசம்பர் 23. ஜப்பான் விமானங்கள் ரங்கூன் மேல் குண்டு போட்டன. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் நடந்தார்கள். அரக்கான் வழியாக, மணிப்பூர் மலைகள் வழியாக. 1942-ல் இப்படி வெளியேறியவர்கள் சுமார் 5 லட்சம் பேர். எத்தனை ஆயிரம் பேர் வழியில் இறந்தார்கள் என்பதற்கு யாரும் சரியான கணக்கு வைக்கவில்லை.

20/
டாக்டராக இதைப் படிக்கும்போது உறுத்துவது ஒன்று. குண்டில் செத்தவர்களைவிட வழியில் காலராவிலும் மலேரியாவிலும் சீதபேதியிலும் செத்தவர்களே அதிகம். ஒரு கொய்னா மாத்திரை, கொதிக்க வைத்த தண்ணீர், உப்பும் சர்க்கரையும். இவ்வளவு இருந்திருந்தால் பலர் ஊர் வந்து சேர்ந்திருப்பார்கள். உப்பு சர்க்கரைக் கரைசல் வயிற்றுப்போக்கில் உயிர் காக்கும் என்று மருத்துவ உலகம் நிரூபித்ததே 1960-களின் கடைசியில்தான். 1952-ல் வந்த 'பராசக்தி' படக் குடும்பம் ரங்கூனில் இருந்து திரும்பும் குடும்பமாக இருந்தது தற்செயல் இல்லை. அன்று படம் பார்த்தவர்களுக்கு அது தெரிந்த கதை.

21/
போர் முடிந்ததும் பலர் திரும்பவும் பர்மாவுக்கே போனார்கள். அதுதானே அவர்கள் ஊர். இரண்டாவது அடி 1962-ல். ஜெனரல் நே வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது. அதே ஆண்டு மே மாதம் 50, 100 கியாத் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. கடையும் போச்சு, கையில் இருந்த பணமும் காகிதமாச்சு. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் இந்தியர்கள் வெளியேறினார்கள். நகை, பணம் எடுத்துவரக் கடும் கட்டுப்பாடு.

22/
சென்னைத் துறைமுகத்தில் கப்பல் கப்பலாக வந்து இறங்கினார்கள். தாத்தா காலத்தில் போனவர்களின் பேரப்பிள்ளைகள். தமிழ் பேசுவார்கள், ஆனால் தமிழ்நாட்டைப் பார்த்ததே கிடையாது. அரசு முகாம், சின்னதாக ஒரு தொழில் கடன், வியாசர்பாடி போன்ற இடங்களில் குடியிருப்பு. "தாயகம் திரும்பியோர்" என்று காகிதத்தில் எழுதினார்கள். ஆனால் அவர்களில் பலர் பிறந்த ஊரை விட்டு வந்தவர்கள்.

23/
சிலருக்கு இங்கே ஒட்டவே இல்லை. திரும்ப பர்மாவுக்கே போய்விடலாம் என்று வடகிழக்கு வழியாகப் போனார்கள். எல்லையில் மறித்தார்கள். அந்தப் பக்கமும் போக முடியாமல், இந்தப் பக்கமும் வர மனமில்லாமல் மணிப்பூரின் மோரேவில் அங்கேயே தங்கிவிட்டார்கள். அந்த எல்லை ஊரில் இன்றும் ஒரு தமிழ்ச் சங்கமும், கோபுரத்தோடு அங்காள பரமேஸ்வரி கோயிலும் இருக்கின்றன.

24/
சென்னையில் தங்கியவர்கள் கொண்டுவந்த பொருளைத் துறைமுகத்தை ஒட்டித் தரையில் பரப்பி விற்றார்கள். 1969-ல் அவர்களுக்குச் சின்னச் சின்னக் கடைகள் ஒதுக்கப்பட்டன. அதுதான் பர்மா பஜார். ஃபாரின் சென்ட், டேப் ரெக்கார்டர், வி.சி.ஆர். என்று எண்பதுகளில் நாம் பேரம் பேசிய பஜார் ஒரு அகதிச் சந்தை என்பது அப்போது எத்தனை பேர் மனசில் இருந்திருக்கும்? கடையில் பொருள், பின்னால் வண்டியில் சாப்பாடு. தாங்கள் சாப்பிட விற்றதை மெல்ல மெல்ல ஊர் சாப்பிட ஆரம்பித்தது.

25/
தட்டை உற்றுப் பாருங்கள். பர்மாவில் இதே கலவையில் மீன் சாறும் காய்ந்த இறால் பொடியும் சேரும். மொய்ங்கா என்பது அங்கே மீன் குழம்பு, அதில் வாழைத்தண்டு மிதக்கும். இங்கே பல கடைகளில் மீன் காணாமல் போய், வாழைத்தண்டு மட்டும் மிஞ்சியிருக்கிறது. புது ஊரில் விற்க வேண்டுமென்றால் எதை விடுவது, எதை விடாமல் பிடித்துக்கொள்வது என்று யாரோ ஒரு அம்மா அடுப்படியில் முடிவு பண்ணியிருக்கிறார். ரங்கூனிலும் அதே மாதிரி நம்மவர்கள் விட்டுவந்தவை உண்டு. தோசை அங்கே 'தோஷே' என்ற பெயரில் தெருவோரத்தில் கிடைக்கிறது. சமோசாவை நொறுக்கி, பிசைந்து, அதோ ஆக்கிவிட்டார்கள்.

26/
ஆர்மீனியக் கற்களை ஞாபகம் வைக்கச் சொன்னேன் அல்லவா? ஆர்மீனியர்கள் போய்விட்டார்கள், அவர்கள் பெயர் கல்லில் இருக்கிறது. பர்மாத் தமிழர்கள் இங்கேயே இருக்கிறார்கள். நான் பார்த்தவரை அந்தத் துறைமுகத் தெருவில் அவர்கள் வந்து இறங்கியதைச் சொல்ல ஒரு கல்வெட்டு கிடையாது. பஜாரின் பெயரும் இந்தத் தட்டும்தான் இருக்கின்றன. கையால் பிசைகிறவர் ஓய்ந்துவிட்டால் தட்டும் மறந்துபோகும்.

27/
1964-ல் பத்து வயதில் கப்பல் ஏறிய பிள்ளைக்கு இன்று எழுபது தாண்டிவிட்டது. வடசென்னை முதியவர்களிடம் ஹிஸ்டரி எடுக்கும்போது "பொறந்தது ரங்கூன்" என்று இப்போதும் கேட்கிறேன். கேட்பது குறைந்துகொண்டே வருகிறது. மறதி நோயில் முதலில் போவது நேற்று நடந்தது, கடைசிவரை நிற்பது சின்ன வயசு. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பதை மறந்த பாட்டி, ரங்கூன் தெரு ஒன்றின் பெயரைச் சரியாகச் சொல்வார். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒருவர் இருந்தால், போனை எடுத்துப் பேச்சைப் பதிவு பண்ணுங்கள். கப்பல் பெயர், தெரு பெயர், என்ன கொண்டுவந்தார்கள், எதை விட்டுவந்தார்கள். இந்த வாரமே.

28/
போகிறவர்களுக்குச் சில குறிப்புகள். ஆர்மீனியத் தேவாலயத்துக்குக் காலையிலேயே போய்விடுங்கள், திறந்திருக்கும் நேரம் கேட்டுவிட்டுப் போவது நல்லது. மதியம் பூக்கடை, பவழக்காரத் தெரு, ஏழுகிணறு. மாலையில் சௌகார்பேட்டையில் அளவோடு சாப்பிட்டு, இருட்டும் நேரத்தில் பீச் ஸ்டேஷன். நடக்க வசதியான செருப்பு, கையில் தண்ணீர் பாட்டில்.

29/
டாக்டர் என்பதால் இதையும் சொல்லணும். பி.பி. இருப்பவர்கள் உப்பைக் குறைக்கச் சொல்லுங்கள், சுகர் இருப்பவர்கள் ஒரு தட்டை இரண்டு பேர் பகிர்ந்துகொள்ளுங்கள். பச்சைக் காய்கறி என்பதால் கூட்டமுள்ள, சரக்கு வேகமாகத் தீர்கிற வண்டியாகப் பாருங்கள். வாழைத்தண்டு சூப் சிறுநீரகக் கல்லைக் கரைத்துவிடுமா என்று கட்டாயம் கேட்பீர்கள். அதை நம்பி மருந்தை நிறுத்தாதீர்கள், தண்ணீர் நிறைய குடியுங்கள். ருசிக்காகச் சூப்பைக் குடியுங்கள்.

30/
தட்டை வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "அண்ணே, உங்க வீட்ல யாரு பர்மாவுல இருந்து வந்தாங்க?" கூட்டம் குறைவாக இருந்தால் பதில் கிடைக்கும். சில நேரம் கூடவே ஒரு கிண்ணம் சூப் அதிகமாகவும் கிடைக்கும். கேட்ட பதிலைக் கீழே கமென்ட்டில் எழுதுங்கள், படிக்கக் காத்திருக்கிறேன்.